ராகு காலத்தில் ஏறிய விலை

புனே கசார்வாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்து நான்கு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். விடையை மட்டும் எழுதி வைத்துவிட்டு, அது எப்படி வந்தது என்று காட்டாத பிள்ளைக்கு நான் மார்க் போட்டதே இல்லை. பெற்றோர்கள் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியை கூப்பிட்டுத் தன்மையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். போட மாட்டேன். அப்படிப்பட்ட என்னைப் போன தை மாதம் ஒரு விமானக் கம்பெனி ஒரு வாரம் ஆட்டி வைத்தது. காலையில் ஒரு விடை, மத்தியானம் ஒரு விடை, சாயங்காலம் இன்னொன்று. எந்த விடைக்கும் வழிமுறை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி வாக்கில் தம்பி சேலத்திலிருந்து போன் செய்தான். அவனுக்கு நாற்பத்தேழு வயது. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் வேலை. "அக்கா, அடுத்த வாரம் வியாழக்கிழமை காலைல முருகன் கோயில்ல வெச்சுக்கலாம்னு இருக்கோம்" என்றான். எதை வைத்துக்கொள்வது என்று சொல்ல அவனுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் பிடித்தது. கல்யாணம்! பெண் அதே அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வயது நாற்பத்திரண்டு. அவளும் கணவனை இழந்தவள்.

"நீதான் வந்து முடிச்சுப் போடணும்" என்றான்.

எங்கள் பக்கத்தில் தாலிக்கயிற்றில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவான். மற்ற இரண்டும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டியவை. நாத்தனார் முடிச்சு என்று அதற்குப் பெயர். இந்தப் பெண்ணை எங்கள் வீட்டுக்காரியாக ஏற்றுக்கொண்டோம் என்று மாப்பிள்ளை வீடு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி அது. அவனுக்கு நாங்கள் இரண்டு அக்காக்கள். மூத்தவள் ஹைதராபாத்தில். நான் புனேயில். முதல் கல்யாணத்தில் மூத்தவள்தான் போட்டாள். இந்தத் தடவை என்னைக் கேட்டான். வருகிறேன் என்றேன்.

போனை வைத்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். புனேயிலிருந்து பெங்களூருக்கு ஒன்றரை மணி நேரம் பறந்தால் போதும், அங்கிருந்து சேலம் பஸ்ஸில் அரை நாள். புதன்கிழமை காலை விமானத்துக்கு ஒரு ஆளுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என்று காட்டியது. இரண்டு பேருடைய பெயரையும் வயதையும் அடித்து முடித்துவிட்டேன். பணம் கட்டும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

என் கணவர் பின்னால் வந்து நின்று சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் தரப் பரிசோதனையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பியவர். அதே மனிதர் ராகு காலத்தில் புதுச் செருப்புக்கூடப் போட மாட்டார்.

"மணி என்ன? நாலே முக்கால். ஞாயித்துக்கிழமை நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் ராகு காலம். மங்கள காரியத்துக்குப் போற டிக்கெட்டு. ஆறு மணிக்கு மேல போட்டுக்கலாமே" என்றார்.

மற்ற நாளாக இருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. தம்பியின் முதல் கல்யாணம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவள் நான். இதுவாவது நல்லபடியாக இருக்கட்டும், நம்மால் ஒரு குறை வர வேண்டாம் என்று பொத்தான் மேல் இருந்த விரலை எடுத்துக்கொண்டேன். டீ போட்டுக் குடித்தோம். துணி மடித்தேன். ஆறு அடித்து ஐந்து நிமிஷம் கழித்து, தரப் பரிசோதகர் அனுமதி கொடுத்த பிறகு, பொத்தானை அழுத்தினேன்.

கட்டணம் மாறிவிட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது. ஐயாயிரத்து அறுநூறு.

"அவங்க ராகு காலத்துல விலை ஏத்திருக்காங்க. அவங்களுக்குத்தான் ஆகாது" என்றார் கணவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் அந்த விமானத்துக்கு என்ன ஆகிவிட்டது? இறக்கை வளர்ந்ததா? பெங்களூர் தள்ளிப் போய்விட்டதா? நாளைக்கு இறங்கும், பார்த்துக்கொள்வோம் என்று லேப்டாப்பை மூடினேன். அன்றைக்கே கட்டியிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

மறுநாள் மகள் தன் பங்குக்கு வந்தாள். ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் வேலை. புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசினால் பாதி இந்தியாக இருக்கும். "அரே அம்மா, நீ ஒரே ஃப்ளைட்டை பார்பார் பார்த்தா அதுக்கு தெரிஞ்சிடும். இன்காக்னிட்டோல ஓபன் பண்ணு. மங்கல்வார் மத்தியானம் சீப்பா இருக்கும். பக்கா" என்றாள். அதாவது திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்காமல், முகத்தை மூடிக்கொண்டு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போக வேண்டும். அப்பாவுக்கு ஒரு சாஸ்திரம் என்றால் பெண்ணுக்கு இன்னொரு சாஸ்திரம். இரண்டுக்கும் காரணம் கேட்டால் பதில் இல்லை. நான் இரண்டையும் கடைப்பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்று மணிக்குத்தான். அதற்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து, முகமூடி ஜன்னலைத் திறந்து பார்த்தேன். இருநூறு ரூபாய் இறங்கியிருந்தது! மகள் சொன்னது பலித்துவிட்டதே என்று சந்தோஷம். இன்னும் இறங்கும் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை ஏழாயிரம். வியாழக்கிழமை ஆறாயிரத்து எண்ணூறு. வெள்ளிக்கிழமை எட்டாயிரத்துச் சொச்சம், அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் இந்த விலையில் இரண்டு சீட்டுகளே பாக்கி என்று ஒரு மிரட்டல். ஒன்பதாம் வகுப்பு முன்னால் நின்றுகொண்டு மேசை இழுப்பறைக்குள் போனைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி பார்த்துவிட்டாள். போன் கொண்டு வந்தால் பிடுங்கி வைப்பவள் நான். வெட்கமாக இருந்தது.

பிம்ப்ரி சந்தையில் நான் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் கொத்தமல்லிக்காரி ஒருத்தி இருக்கிறாள். மழைக்காலத்தில் பத்து ரூபாய்க் கட்டை நாற்பது என்பாள். ஏன் என்று கேட்டால் அழுகிப்போன கட்டு ஒன்றைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்டுவாள். வாதாடினால் முப்பத்தைந்துக்கு வருவாள், கூடவே கொஞ்சம் திட்டும் கொடுப்பாள். அவளிடம் ஏமாந்தாலும் ஒரு மனுஷியிடம் ஏமாந்த திருப்தி உண்டு. இங்கே சண்டை போட ஒரு முகம்கூட இல்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

சனிக்கிழமை முகம் இல்லாவிட்டாலும் குரலாவது கிடைக்கட்டும் என்று அந்தக் கம்பெனிக்கே போன் போட்டேன். பத்து நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தாள். இந்தியில் தேனாகப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மூவாயிரத்துத் தொள்ளாயிரம் இருந்தது இப்போது ஒன்பதாயிரம் எப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"டிமாண்ட் பார்த்து சிஸ்டம் தானாகவே முடிவு செய்யும், மேடம்."

"சிஸ்டம் எப்படி முடிவு செய்யும்?"

"அது எங்களுக்குத் தெரியாது, மேடம்."

"தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா?"

கொஞ்சம் யோசித்தாள். "யாருக்கும் தெரியாது, மேடம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றாள். பாவம், அவளை என்ன சொல்வது? என் வகுப்பாக இருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்று மாலை ஹைதராபாத் அக்கா கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "ஃப்ளைட் விலையப் பாத்தியாடீ? கொள்ளை அடிக்கிறானுங்க" என்றாள். எனக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. அரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து விமானக் கம்பெனிகளைத் திட்டித் தீர்த்தோம். அவள் வீட்டில் நாலு பேர், அவளுக்குப் பட்டியல் இன்னும் நீளம். கடைசியில் பெருமூச்சு விட்டு, "என்ன பண்றது, மனசுதான முக்கியம். நாங்க இங்கேர்ந்தே ஆசீர்வாதம் பண்ணிடறோம்னு சொல்லிட்டேன். நீயும் ரொம்ப அலட்டிக்காத" என்றாள். கல்யாணப் பெண்ணின் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. போனை வைத்தபோது மனது லேசாக இருந்தது. எதனால் லேசாக இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோராயிரத்து நானூறு. கல்யாணத்துக்கு நாலு நாள். தம்பி கூப்பிட்டான். கேட்பதற்கு முன்னாலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். இத்தனை இருந்தது, அத்தனை ஆயிற்று, இருநூறு இறங்கியது, மறுபடி ஏறியது, கம்பெனிக்காரி இப்படிச் சொன்னாள் என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

"பரவால்லக்கா. நீ சிரமப்படாத" என்றான். "பெரியக்காவும் டிக்கெட்டுதான் சொன்னா. மும்பை அண்ணன் வீட்லயும் டிக்கெட்டுதான் சொன்னாங்க. சித்தப்பாவும் அதான். முடிச்சுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல. பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்க, அவங்க போட்டாப் போதும்னு குருக்கள் சொல்லிட்டாரு."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. இல்லை. எல்லோரையும் முன்கூட்டியே மன்னித்துவிட்டவன் பேசுகிற மாதிரி இருந்தது. சித்தப்பா கோயம்புத்தூரில் இருக்கிறார். அங்கிருந்து சேலத்துக்கு யாராவது விமானத்தில் போவார்களா?

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆளுக்குப் பதினோராயிரம் எங்களால் கொடுக்க முடியாத பணம் இல்லை. தீபாவளிக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டி அதைப்போல மூன்று மடங்கு. ஐயாயிரத்து அறுநூறு இருந்தபோதே முனகிக்கொண்டு கட்டியிருக்கலாம். கட்டவில்லை. ஏன்? தம்பி முதல் நாள் போனில் கல்யாணம் என்றபோது, வருகிறேன் என்று சொல்வதற்கு முன்னால் நான் ஒரு கணம் சும்மா இருந்தேன். இந்த வயதிலா, அதுவும் இப்படி ஒரு பெண்ணையா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அந்த ஒரு கணத்தில் ஓடியது. உடனே அதைத் துடைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். துடைக்கவில்லை. விலை ஏற ஏற என் மனசின் ஒரு மூலை நிம்மதியாக இருந்திருக்கிறது. போகாமல் இருப்பதற்கு நான் காரணம் தேட வேண்டியதே இல்லை. அந்தத் திரை நாளுக்கு மூன்று தடவை புதுசாக ஒரு காரணம் தயார் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. அக்காவோடு பேசிய பிறகு மனது ஏன் லேசானது என்று அப்போதுதான் உறைத்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கணவர் வந்து, "சரி விடு, என்ன விலையானாலும் போட்டுடலாம்" என்று லேப்டாப்பை எடுத்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் எனக்குள் என்னவோ நிமிர்ந்து நின்றுவிட்டது. "வேண்டாம்" என்றேன். "இவங்க கேக்குறதக் குடுக்கவும் மாட்டேன், போகாம இருக்கவும் மாட்டேன்." அந்தக் கம்பெனி எங்கள் குடும்பத்துக்கே சாக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அதற்குக் கூலியாக ஆளுக்குப் பதினோராயிரம் வேறு கொடுக்க வேண்டுமா?

பிம்ப்ரி மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் பஸ் முன்பதிவு செய்கிற ஒரு சின்னக் கவுண்டர் உண்டு. நேராக அங்கே போனேன். பெங்களூர் அரசு பஸ்ஸில் இரண்டு சீட் என்ன விலை என்று கேட்டேன். கவுண்டர்க்காரன் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் காட்டினான். நாளைக்கு வந்தால் என்ன விலை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் இதேதான், தாயி" என்றான். அவனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். எதற்கென்று அவனுக்குப் புரிந்திருக்காது.

டிக்கெட்டைப் பார்த்த கணவரின் முகம் மாறியது. செவ்வாய்க்கிழமை, ஸ்வார்கேட்டிலிருந்து, மாலை மூன்றரை மணி.

"செவ்வாய் மூணுலேர்ந்து நாலரை..." என்று இழுத்தார்.

"தெரியும். ஆறு மணி வரைக்கும் டீ குடிச்சுப் பாத்தாச்சு. இப்ப அதுல ஏறியும் பாத்துடலாம்" என்றேன். "உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா நான் தனியா போறேன்."

"என் முழங்காலை விட உன் முழங்கால் மோசம். தனியா எப்படிப் போவ?" என்று முனகிக்கொண்டே பெட்டி இறக்கினார். இன்னும் ஒரு நாள் விடுப்பு வேண்டுமென்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். தேர்வு நேரத்திலா என்றார். தம்பி கல்யாணம் என்றேன். உங்களுக்குக் கல்யாண வயதில் தம்பி இருக்கிறாரா என்று சிரித்தார். இருக்கிறான், நாற்பத்தேழு வயது, பெண்ணுக்கு நாற்பத்திரண்டு, இருவருக்கும் இரண்டாம் கல்யாணம் என்று ஓய்வறையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். ஒரு வாரமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சரியாக மூன்றரைக்கு பஸ் கிளம்பியது. கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். காத்ரஜ் தாண்டி சாத்தாரா வருவதற்குள் என் கால் மரத்துவிட்டது. கோலாப்பூரில் இறங்கி வடாபாவ் தின்றோம். விடிகாலை பெங்களூரில் இறங்கியபோது என் பாதம் செருப்புக்குள் போகவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அங்கிருந்து சேலம் பஸ்ஸில் ஏறி, ஓசூர் தாண்டியதும் கடைப்பலகைகளில் தமிழைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தேன். உடம்பு முழுக்க வலி. இத்தனை வருஷத்தில் எந்தப் பயணத்திலும் நான் அவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை.

நாங்கள் வருவதைத் தம்பிக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான். புதன்கிழமை மத்தியானம் வாசலில் எங்களைப் பார்த்தவன், "டிக்கெட்டு...?" என்று மட்டும் கேட்டான். பிறகு என் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் காலை கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் என்று நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேரும், தம்பியின் அலுவலக நண்பர்கள் சிலரும். பெண் அரக்கு நிறப் பட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தம்பியிடம் மெதுவாக, "யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்றாள். மேளம் உச்சத்துக்குப் போயிற்று. அவன் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுக் கயிற்றை என் பக்கம் தள்ளினான். மஞ்சள் ஈரத்தில் கயிறு வழுக்கியது. அவள் பின்கழுத்து நடுங்கிக்கொண்டே இருந்தது. வருஷக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்த கழுத்து. "நடுங்காதம்மா, நான் இருக்கேன்" என்று அவள் காதில் சொல்லி, இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். பிரிக்க நினைத்தாலும் பிரியாது.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது ஹைதராபாத் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். யாரோ போட்டோ அனுப்பிவிட்டார்கள் போல. வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. "நீ எப்படிடீ போன? உனக்கு மட்டும் என்ன விலைக்குக் கெடைச்சுது?" என்றாள்.

"பஸ்ல வந்தோம்" என்றேன்.

"பஸ்லயா? புனேலேர்ந்தா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணின் கையில் போனைக் கொடுத்து, "உன் பெரிய நாத்தனார். பேசு" என்றேன். அவள் சட்டென்று முந்தானையைச் சரி செய்துகொண்டு, "வணக்கங்க அண்ணி" என்றாள். பிறகு அக்கா சுதாரித்துக்கொண்டு, வரணும்னுதான் இருந்தோம்மா, டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறிட்டே இருந்துச்சு, இறங்கட்டும்னு பார்த்தோம் என்று ஆரம்பித்தாள்.

புதுப்பெண் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். "பரவால்லீங்க அண்ணி" என்றாள். "அடுத்த தடவை வெல எறங்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாங்க. பஸ்லயே வாங்க. நான் சமைச்சு வெச்சிருக்கேன்."

கேலியாகச் சொன்னாளா, வெகுளியாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான்.